யோசனை சொல்லக் கூடாத அறை

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் உடம்பு சரியில்லை என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா வீடு திரும்ப முடியாது. ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எனக்கு முடக்குவாதம் வந்து விரல் கணுக்கள் வீங்கியபோது, பஸ் கண்டக்டர்கூடச் சில்லறையோடு ஒரு கஷாயமும் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லோரையும் மிஞ்சினார். வயலுக்குப் போய் வரும்போதெல்லாம் கையில் முடக்கத்தான், நொச்சி என்று ஏதாவது ஓர் இலை இருக்கும். ரசமாகவும் ஒத்தடமாகவும் அவர் அன்பு என்னைத் துரத்தியது.

ஒருவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. காலையில் கண் விழிக்கும்போது, ஏன்தான் விடிந்ததோ என்று இருக்கும். வெளியே சொன்னால் அதற்கும் ஓர் இலை வருமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாதத்துக்குப் பார்க்கும் டாக்டர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு குழுவில் சேரச் சொன்னார். நாள்பட்ட நோயோடு மனமும் சோர்ந்துபோனவர்கள் வாராவாரம் வட்டமாக உட்கார்ந்து, மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழகும் இடம். இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் முதல் நாள் எரிச்சலோடுதான் போனேன். வலியை மறக்க மாத்திரை விழுங்குகிறவளிடம் போய் வலியைக் கவனி என்றால்?

குழுவை நடத்திய ஆலோசகருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே ஒரு விதி போட்டார். "இங்க யாரும் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டாங்க. கேட்டாப் போதும்."

டெல்டாக்காரர்களிடம் இப்படி ஒரு விதியா! பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மூச்சைக் கவனிப்பதைவிட வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு. யாராவது வலி என்றதும் "நான் என்ன சொல்றேன்னா" என்று தொடங்கி, விதி நினைவுக்கு வந்து, மீசையைத் தடவிக்கொள்வார்.

சில வாரங்கள் கழித்து, கண்ணை மூடி விரல்களைக் கவனிக்கச் சொன்னபோது நிஜமாகவே கவனித்தேன். எரிந்தது, சற்று அடங்கியது, மறுபடி எரிந்தது. அதைச் சரிசெய்ய அந்த அறையில் ஒருவரும் ஓடிவரவில்லை. கண் திறந்ததும் சொல்லிவிட்டேன்: "எனக்கு விடியவே வேணாம்னு இருக்குங்க."

பெரியவரின் வாய் திறந்தது, மூடியது. பிறகு, "எனக்கும் அப்படி இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். நான் வெட்கமில்லாமல் அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

அன்றைக்கே வீட்டிலும் சொல்வது என்று முடிவு செய்தேன். நோய் போகவில்லை, ஆனால் தைரியம் வந்திருந்தது. வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "உக்காருங்க. நான் சொல்றத முழுசாக் கேக்கணும். யோசனை சொல்லக் கூடாது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தோள் துண்டை எடுத்து ஈரக் காலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உன்னப் பாத்தாப் பயமா இருந்துச்சு. என்ன செய்யிறதுன்னு தெரியல. அதான் கண்ணுல பட்ட இலையெல்லாம் பறிச்சிட்டு வந்தேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.