முப்பதா, பத்தா

எங்கள் பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு 'முழக்கோல்' என்றுதான் பெயர். பத்தொன்பது வருடமாகச் செடிகளின் உயரத்தை அளக்கும் தினக்கூலி. இரண்டு வருடம் முன்பு தன் நாத்தனாரையும் அதே வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். நாத்தனாரும் அண்ணியும் சண்டையில்லாமல் ஒரே இடத்தில் வேலை பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் அங்கே கணினியில் எண்களை ஏற்றுகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பருவம் சோளம். அறுபது பாத்தி, பாத்திக்கு முப்பது செடி அளப்பது வழக்கம். எந்தச் செடி என்பதை, செடிக்கு ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். புதிதாக வந்த அதிகாரி அம்மா கேட்டார்: "முப்பது எதுக்கு? பத்து அளந்தாலே அதே சராசரி வருதான்னு இந்தத் தடவை பாத்துடலாம். வந்தா, அடுத்த பருவத்துல இருந்து அளக்க ஒரு ஆள் போதும்."

அப்படியானால் கடைசியாகச் சேர்ந்தவர் போக வேண்டும். நாத்தனாருக்குப் புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். முழக்கோலைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஓரச் செடி வெயில் வாங்கி நெடுநெடுன்னு நிக்குதுல்ல? பாத்திக்கு அதுல நாலையும் சேத்துக்குங்க. உயரம் கன்னாபின்னான்னு மாறும். பத்து போதாதுன்னு கணக்கே சொல்லிடும்."

முறைத்தார். "ஓர வரிசைக்குச் சீட்டே கிடையாது. சீட்டுல எந்தச் செடி வருதோ அதத்தான் அளக்கணும். குட்டையோ நெட்டையோ."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்க. சீட்டு எதுக்கு?"

"சோத்தக் கிளறலாம். வயலக் கிளற முடியுமா? அதுக்குத்தான் சீட்டு." பிறகு குரல் இறங்கியது. "வேலை போகும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாத தம்பி. பாவம், அளவு தப்பிடும்."

தலையாட்டினேன். அன்று காலையிலேயே அதையும் இந்த ஓரச் செடி யோசனையையும் நாத்தனாரிடம் உளறியிருந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆளுக்கு முப்பது பாத்தியாக ஆறு நாள் அளந்தார்கள். முப்பது செடியின் சராசரிக்கும் முதல் பத்தின் சராசரிக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. நாத்தனார் அளந்த பாத்திகளை மட்டும் தனியாக, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்.

அதிகாரி அம்மா முடிவைச் சொன்னதும், அளவுகோல்கள் வைக்கும் கொட்டகையில் முழக்கோல் உடைந்து அழுதார். "உன் பொழப்புக்கு நானே உலை வெச்சிட்டேன்டி."

நாத்தனார் தன் கோலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க மட்டுமா அண்ணி? பாதி வயல நான்தானே அளந்தேன். இவரு மொத நாளே எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

முழக்கோல் என்னைப் பார்த்தார். வெட்கத்தில் நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுமா? அப்புறம் ஏன்டி ஓரச் செடியத் தொடல?"

"சீட்டுல வரலையே அண்ணி" என்றாள்.