கண்ணாடிப் பெட்டிக்குள் என் நீலமணி

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்து மட்டும் போட வரும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வந்தது ஒரு நீலமணியைப் பற்றி. சுண்டைக்காய் அளவு கண்ணாடி மணி. நடுவில் வெள்ளை வளையம், பார்த்தால் கண் மாதிரியே இருக்கும். கண்ணேறு படாமலிருக்கத் திருமுக்கூடல் திருவிழாக் கடையில் சரமாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அதில் ஒன்று போன வருஷம் வரை பட்டணத்துக் காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணிமேல் உட்கார்ந்திருந்தது.

அதை அங்கே கொண்டுபோனவர் ஒரு பேராசிரியர். நாங்கள் ஐயா என்போம். உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்குக் கிழக்கே மேட்டில், வட்டம் வட்டமாகக் கல் நட்ட பழைய இடுகாடு இருந்தது. அதைத் தோண்ட வந்தார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். நானும் வீட்டுக்காரரும் கூலிக்குப் போனோம். மதியம் நாங்கள் கூழ் குடிக்கும்போது வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாலமோன் ராஜா கதை சொல்வார். தந்தத்துக்கும் மயிலுக்கும் அந்த ராஜாவின் கப்பல்கள் நம் கரைக்குத்தான் வந்தன, தீரு என்ற கடல்கடந்த பட்டணத்து மாலுமிகள் கூட வந்தார்கள், அவர்கள் பொருள் ஒன்று இந்த மண்ணில் கிடைக்கும் என்பார். கிடைக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அயலார்மேல் பொய்ப்பழி போடக்கூடாது என்று அதே புத்தகத்தில் இருப்பதையும் அவர்தான் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

கொத்துக்கரண்டி பட்ட சத்தத்திலேயே ஓடா கல்லா என்று சொல்லிவிடுவேன். அதனால் பெரிய தாழி வந்தபோது மூடியைத் திறக்க என்னைத்தான் விட்டார். எங்கள் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தாழியை முதலில் தொடுகிறவள் தன் உடம்பில் இருப்பதில் ஒன்றை உள்ளே போட வேண்டும். செத்தவர் வீட்டைத் திறக்கிறோம், வெறுங்கையோடு போகலாமா? ஐயா அந்தப் பக்கம் திரும்பியபோது சரத்திலிருந்து ஒரு மணியை உருவி, உள்ளிருந்த மண்ணில் விரலால் அழுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் எடுத்த பொருளை எண்ணினால் ஒரு சிவப்புக் கல்மணி குறைந்தது. சலித்தது நான். முந்தானையை உதறச் சொன்னார், உதறினேன். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார், அவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. "முழுங்கியிருப்பா" என்றார். என் வீட்டுக்காரர் தலையில் மண்கூடையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்: "இன்னாமே, வயித்துல கீற மணி இன்னும் வரலியா?" அத்தனை பேரும் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் சிரித்தார்கள்.

அந்தக் கல்மணி மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது. கூட வேலை செய்தவள் வந்து காதோடு சொன்னாள்: "சல்லட இடுக்குல மாட்டிக்கினு இருந்துதுக்கா. ஐயா எடுத்து டப்பாவுல போட்டுக்கினாரு. வாயத் தொறக்கல."

பிறகு ஒருநாள் டீக்கடையில் பேப்பர் படித்தார்கள். சாலமோன் காலத்துத் தீரு மாலுமியின் மணி நம் ஊர்த் தாழியில் கிடைத்ததாம். படத்தை எட்டிப் பார்த்தேன். என் மணி. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசட்டும், மாலை விழட்டும், எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ ஏறட்டும் என்று இருந்தேன். மீதி மணிகளைக் கழுத்தைவிட்டுக் கழற்றவே இல்லை.

போன வருஷம் இந்தப் பேத்தி காலேஜில் கூட்டிப்போனார்கள் என்று அந்தக் காட்சிக்கூடத்துக்குப் போனாள். பெட்டிமுன் நின்று, "இது எங்க ஆயா கழுத்துல கீதே" என்று சொல்லிவிட்டாள். காட்சிக்கூடத்துக்காரர்கள் அந்த மணியோடு வீட்டுக்கு வந்தார்கள், என் சரத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே அச்சு. பெட்டி காலியானது.

அடுத்த வாரம் ஐயா காரில் வந்தார். கையில் தடி.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? என் வாழ்நாள் வேலைம்மா அது."

"திருடி சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார், மெதுவாக.

"எனக்கும் தெரியும். நாளைக்கு காலைல குழாயாண்ட வந்து ஊருக்குச் சொல்லுங்க."

"இங்கயே சொல்லிட்டேனேம்மா. இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்?"

"தொரத்தனது ஊரு பாக்க. சொல்றது மட்டும் வூட்டுக்குள்ளயா?"

கொடுத்த மோரைத் தொடாமல் எழுந்து போனார். மறுநாள் விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை குழாயடியில் நின்றேன். வரவில்லை.

சாலமோன் கப்பல் வந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. வந்தும் இருக்கலாம். அந்தப் புத்தகத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அதில் ஒரு வரிக்குச் சாட்சி தேடி மண்ணைச் சலித்தவர், இன்னொரு வரிக்கு நானே சாட்சியாக எதிரில் நின்றதைப் பார்க்கவில்லை. அவர் ஊருக்குச் சொல்லாததை இந்தக் காகிதம் சொல்லட்டும். பாவமாக இல்லையா என்று பேத்தி கேட்கிறாள். இல்லை. பெட்டி அங்கே காலியாக இருக்கிறது, மணிகள் இங்கே என் கழுத்தில் இருக்கின்றன. எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

எங்கே கண்ணு, மொதல்லேர்ந்து படி. திருடின்னு வர்ற எடத்துல கொரல கொறைக்காத. தெருவுக்கே கேக்கட்டும்.