என் பேரு சோஃபியா... சுமதி இல்ல

கஞ்சி போட்ட காட்டன் புடவையைப் பிரிச்சா ஒரு வாசனை வரும் பாருங்க... அதோட சாம்பிராணிப் புகையும் சேர்ந்துட்டா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும்.

பிளஸ் டூ முடிச்ச கையோட திண்டிவனத்துல ஒரு ஜவுளிக் கடையில சேல்ஸ் கேர்ள் வேலை. கிளியனூர்லேர்ந்து தினம் பஸ். எங்க வீட்ல அதுவரைக்கும் எல்லாருக்கும் கூலிக்கு வயல் வேலைதான். ஃபேனுக்கு அடியில நின்னு வேலை பாக்கப் போன முதல் ஆள் நான்.

முதல் நாளே முதலாளி கேட்டாரு.

"பேரு இன்னாம்மா?"

"சோஃபியா சார்."

வீட்ல என்ன வேலைன்னும் விசாரிச்சாரு. மேலேர்ந்து கீழ ஒரு பார்வை. "கேப்பை அறுக்கிற வீட்டுக்கு இதெல்லாம் ஓவரா தெரியல? இங்க நீ சுமதி. போ, பேட்ஜ் குத்திக்கோ."

அந்தக் கடை வழக்கமே அதுதாங்க. வேலையை விட்டுப் போன பொண்ணோட பேட்ஜை, புதுசா வர்ற பொண்ணு குத்திக்கணும். பேட்ஜுல என்ன பேரோ அதுதான் அவ பேரு. எனக்கு முன்னாடி இருந்த சுமதிக்கு நிஜப் பேரு என்னன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல!

எனக்குப் பேரு வச்சது எங்க சர்ச் ஃபாதர். கிரேக்க வார்த்தை, ஞானம்னு அர்த்தம்னு சொன்னாராம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்கம்மா, அந்த அர்த்தத்தைத் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருந்தாங்க. அதைப் போய் ஓவர்னா? ஆனா வேலை வேணுமே. பேட்ஜைக் குத்திக்கிட்டேன். சுமதின்னு கூப்பிட்டா சட்டுனு திரும்ப வராது. அதுக்கும் திட்டு. "செவுடா நீ?"

இப்போ விழுப்புரத்துல சொந்தமா தையல் கடை வச்சிருக்கேன். போன வாரம் ஒரு அம்மா உள்ள வந்தாங்க. பாத்தா, அதே முதலாளியோட சம்சாரம்! பொண்ணை இங்கதான் கட்டிக் கொடுத்திருக்காங்களாம். பேத்திக்கு முதல் பர்த்டே... கவுன்ல பேரை எம்பிராய்டரி போடணுமாம்.

"அடடே, சுமதியா! கடையெல்லாம் வச்சிக்கினு இருக்கியே!"

"பாப்பா பேரு இன்னாங்கம்மா?"

"சோஃபியா. கிரீக் நேமு. ஞானம்னு அர்த்தமாம். எங்க வீட்டுக்காரரே நெட்டுல தேடித் தேடி செலக்ட் பண்ணாரு."

அதே மனுஷன்! எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

"என் பேரும் அதாங்கம்மா."

"உன் பேரு சுமதி தான?"

"அது உங்க பேட்ஜோட பேருங்கம்மா."

அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "எப்பவோ நடந்ததை இன்னும் மனசுல வச்சிக்கினு இருக்கியா..."ன்னு இழுத்தாங்க. வச்சிக்காம?

அவங்க போனதும் ஆத்திரம் அடங்காம நானும் ஃபோன்ல தேடினேன். அந்த வார்த்தை ஆரம்பத்துல ஞானிங்க சொத்தே இல்லையாம்! கப்பல் கட்டற தச்சனோட கைத்திறமையைத்தான் பழைய கிரேக்கக்காரங்க அப்படிச் சொல்லியிருக்காங்க. அப்புறம் பாட்டு கட்டறவன் திறமை, நாட்டை ஆள்றவன் புத்தி... அப்படியே மேல மேல ஏறி ஞானம்னு ஆயிருக்கு. ஃபிலாசஃபிங்கற வார்த்தைக்குள்ளயும் அதுதான் உக்காந்திருக்கு. ஏறினது சரி. கையால வேலை செஞ்சவனை மட்டும் ஏன்யா கீழயே விட்டுட்டுப் போனீங்க?

குழந்தை மேல எனக்கு என்ன கோபம்? ரோஸ் நூல்ல அழகாவே போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பாப்பா நாளைக்கு எங்க வேலைக்குப் போனாலும், பேரைக் கேட்டுட்டு யாரும் மேலயும் கீழயும் பாக்க மாட்டாங்க. சொன்ன பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க.

நானும் அன்னைக்கு அந்த ஜவுளிக் கடையில அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலையே...