இருக்கைக்கு அடியில் நீலக் குறி

எங்கள் சித்தி மகன் லோய்சா யார் வீட்டுக்குப் போனாலும், வாசலில் ஹவ்ரான் கார் நின்றால் போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் காரின் முன்கதவைத் திறப்பான், குனிவான், காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பான். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்வான். தெரியாதவர்கள் ஏதோ காசு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். அது தொடங்கிய வெள்ளிக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன்.

முழுப் பெயர் அலோயிஸ். என் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். சித்திக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தவள் லிபூஷே, ஐந்து வருஷம் கழித்து இவன். எங்கள் ஊரான ஓல்ஷோவில் யாரை எடுத்தாலும் ஏதாவது ஒரு வழியில் ஹவ்ரான் தொழிற்சாலைக்கு உறவாகத்தான் இருப்பார்கள். அது ஆற்றோரத்தில் வெறும் சைக்கிள் பட்டறையாக இருந்தபோது சக்கரத்துக்குக் கம்பி கோத்தவர் எங்கள் தாத்தா. அவர் தம்பி மோட்டார் சைக்கிள் காலத்தில் சேர்ந்தார். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு கால் போய், மீதிக் காலத்தை வாசல் காவல்காரராகக் கழித்தார். என் அப்பா காலத்தில் கார் வந்தது. மூக்கில் வெள்ளி அண்டங்காக்கை பதித்த ஹவ்ரான் என்றால் அன்றைக்குத் தலைநகர் பிராகாவில் டாக்டர்களும் நூல் ஆலை முதலாளிகளும் வாங்கிய வண்டி. சண்டைக் காலத்தில் ஜெர்மன்காரர்கள் பிடுங்கிக்கொண்டு பீரங்கிச் சக்கரத்துக்கு அச்சு செய்ய வைத்தார்கள். சண்டை முடிந்ததும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. காக்கை அப்படியே இருந்தது. பேர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது.

பேர் எப்படிக் கெட்டது என்பதை வெளியூர்க்காரர்கள் பீர்க் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். "ஹவ்ரானுக்கு ஏன்யா காக்கைச் சின்னம் வெச்சான்? பின்னாலயே வந்து ரோட்டுல விழுந்ததைப் பொறுக்கத்தான்!" எங்கள் ஊர் ஆட்களும் சேர்ந்து சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? வண்டியை எப்படிச் செய்கிறார்கள் என்பது எங்களுக்குத்தானே தெரியும்.

மாதம் பிறந்து பத்து நாளைக்குத் தொழிற்சாலையில் வேலையே இருக்காது. இரும்பு வந்திருக்காது, கண்ணாடி வந்திருக்காது, போல்ட் வந்திருக்காது. ஆண்கள் பெயின்ட் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அடுத்த பத்து நாளில் சாமான் ஒவ்வொன்றாகச் சொட்டும். கடைசிப் பத்து நாளில் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். மேலிடம் சொன்ன எண்ணிக்கையை முப்பத்தொன்றாம் தேதிக்குள் காட்ட வேண்டும். காட்டினால்தான் எல்லோருக்கும் ஊக்கத்தொகை. அந்த நாட்களில் வண்டிகளை வரிசையாக நகர்த்திவரும் லைன் ஓடுகிற வேகத்துக்கு மனுஷன் கை ஈடுகொடுக்க முடியாது. திருகி இறுக்க வேண்டியதைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். எங்கள் ஊரில் கார் வாங்குகிறவன் நிறத்தைக் கேட்க மாட்டான். "எந்தத் தேதி வண்டி?" என்றுதான் கேட்பான்.

லோய்சா பதினாறு வயதில் சேர்ந்தான். முன் இருக்கை பொருத்துகிற இடம். ஒரு இருக்கைக்கு நாலு போல்ட். நிதானமாகத் திருகினால் மரையில் நன்றாக உட்காரும். அடித்து இறக்கினால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே மரை நசுங்கியிருக்கும். வேகத்தில் ஒரு பிரேக் போட்டால் இருக்கை ஆளோடு பிய்த்துக்கொண்டு வரும். அவனுக்கு அது உறுத்தியது. அதனால் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். அடித்து இறக்கிய வண்டியில், போல்ட்டுக்குப் பக்கத்தில் நீல மெழுகுப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மேலே விரிப்பைப் போட்டு மூடுவான். வெளி முற்றத்தில் வண்டியைச் சோதிக்கிறவர்கள் அதைப் பார்த்துச் சரிசெய்வார்கள் என்று நினைப்பு.

யாரும் சரிசெய்யவில்லை. அவனும் போய்க் கேட்கவில்லை. மாதக் கடைசி முடிந்து, நான் வேலை பார்த்த தொழிற்சாலைச் சமையல் கூடத்துக்குச் சூப்புக் குடிக்க வருவான். கிண்ணத்துக்குள் கரண்டி இருக்கும், கை கரண்டியில் இருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நான் அவன் தலையைச் சூப்பிலிருந்து எத்தனை தடவை நகர்த்தியிருப்பேனோ!

லிபூஷேயைக் கட்டியவன் ஸ்டாண்டா. ரொட்டிக்கடை வீட்டு மூன்றாவது பிள்ளை, வாய் ஓயாத ஆள். அவர்கள் காருக்குப் பதிந்து ஏழு வருஷம் காத்திருந்தார்கள். மூத்த பெண் வயிற்றில் இருக்கும்போது பதிந்தது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எழுபத்தொன்பதாம் வருஷம் முறை வந்தது. லோய்சா அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "நீ கவலைப்படாதே அக்கா. மாசத்து முதல் வாரத்து வண்டியா நானே பார்த்து எடுத்துத் தரேன்." முற்றத்துக் குமாஸ்தாவுக்கு ஒரு புட்டி பிளம் சாராயம் கொடுத்தான். ஜூன் ஐந்தாம் தேதி போட்ட தாளோடு பச்சை வண்டி ஒன்று கிடைத்தது. பெயின்ட்டைத் தடவிப் பார்த்தான், இன்ஜினைக் கேட்டுப் பார்த்தான். ஐந்தாம் தேதி வண்டி என்பதால் விரிப்பை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை.

ஜூலை முதல் வாரம் அவர்கள் யூகோஸ்லாவியாவுக்குக் கடல் பார்க்கப் போவதாக இருந்தது. வெளிநாடு போக அரசாங்க அனுமதி எல்லோருக்கும் கிடைத்துவிடாது. சனிக்கிழமை தொடங்கிப் பத்து நாள், அதில் ஒரு நாள் தவறினாலும் தவறியதுதான். வெள்ளிக்கிழமை மதியம் நான் ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த இறைச்சியை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுபோனேன். ஸ்டாண்டா ஏற்கெனவே டிக்கியை நிரப்பி, வண்டி மேலே கூடார மூட்டையையும் கட்டி முடித்திருந்தான்.

"வாங்க மிலடாக்கா! உங்க இறைச்சி ஒண்ணுக்குத்தான் இடம் விட்டு வெச்சிருக்கேன். ஃபேன் பெல்ட்டு ரெண்டு, பிளக்கு நாலு, கிளட்ச் கம்பி ஒண்ணு, எல்லாம் உள்ள இருக்கு. இன்னும் ஒரு இன்ஜின் மட்டும் கிடைச்சா தைரியமாப் போயிடலாம்."

"போறப்பவே ஏன் அபசகுனமாப் பேசறே?" என்றாள் லிபூஷே.

வேலை முடிந்து லோய்சா அப்படியே வந்தான். ஜூன் மாதக் கடைசி வேலைப் புயல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பிள்ளைகளுக்குக் கசகசா பன் வாங்கி வந்திருந்தான். லிபூஷே காலுக்கு இடம் போதுமா என்று பார்க்க முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒருதரம்தான்.

லோய்சாவின் கை பன் பையோடு நின்றுவிட்டது.

"அக்கா, கொஞ்சம் எழுந்திரு."

"ஏண்டா?"

"எழுந்திரேன்."

அவள் இறங்கினாள். அவன் மண்டிபோட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கினான். நான் பின்னால் நின்றேன், எனக்கும் தெரிந்தது. சாம்பல் நிற இரும்பில் நீலமாக ஒரு பெருக்கல் குறி. அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஐந்தாம் தேதி வண்டியில் அது எப்படி வந்தது? அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மே கடைசியில் ஹெட்லைட் வரவில்லை. லைட் இல்லாமலே வண்டிகளை முற்றத்துக்குத் தள்ளி, முடிந்ததாக எண்ணிக்கை காட்டிவிட்டார்கள். குருட்டு வண்டி என்று அதற்குப் பேர். ஜூனில் லைட் வந்ததும் மாட்டி, புதுத் தேதி போட்டுத் தாள் கொடுத்தார்கள். குருட்டு வண்டிகளைப் பற்றி ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். அப்படி இருந்தும் தாளை நம்பியிருந்தான்.

விரிப்பை மறுபடி இழுத்து மூடினான். "அத்தான், சின்ன வேலை ஒண்ணு இருக்கு. வண்டியை ராத்திரிக்கு என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"விளையாடறியா? மூணு நாளா மூட்டை கட்டி ஏத்தியிருக்கேன். விடிய நாலு மணிக்குக் கிளம்பணும். 'டக்'குனு ஒரு சத்தம், அவ்வளவுதானே? சத்தம் வராத ஹவ்ரானை நீ பார்த்திருக்கியா?"

லோய்சா என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற கை என்று பேரெடுத்தவன் அவன் ஒருவன்தான். சித்தி சாகும்போதுகூட, "என் பிள்ளை கை பட்டது கெடாது" என்றுதான் சொன்னாள்.

"சீட்டு இறுகலை அத்தான்," என்றான். "போல்ட்டைச் சுத்தியால அடிச்சிருக்கு. பிரேக் போட்டா கழண்டுடும்."

"எந்தக் கழுதை அப்படி அடிச்சான்?"

"நான்தான்."

லோய்சா விரிப்பைத் தூக்கிக் குறியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். நின்றபடி சொல்ல முடியாமல் காரின் படியில் உட்கார்ந்துகொண்டான்.

லிபூஷே கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி எத்தனை வண்டியில போட்டிருக்கே லோய்சா?"

"தெரியலக்கா."

"குத்துமதிப்பா?"

"பதினோரு வருஷமா மாசா மாசம். எண்ணலை."

"அதெல்லாம் எங்கே இருக்கு இப்ப?"

அவன் விரிப்பை வெளியே இழுத்துப் புல்லில் போட்டான். ஸ்டாண்டாதான் கூடாரக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். "சரி சரி, எறங்குங்கடி பிள்ளைங்களா. மாமன் சீட்டைப் பிரிக்கப் போறான். மிலடாக்கா, அந்த இறைச்சியை எடுங்க, இன்னைக்கே தின்னுடலாம், நாளைக்கு இருக்கோமோ இல்லையோ."

"வாயை மூடு ஸ்டாண்டா!"

நசுங்கிய மரையில் சிக்கிய போல்ட் லேசில் வராது. ஒவ்வொன்றையும் டிரில் போட்டு எடுத்து, ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, பெரிய போல்ட் போட்டான். இரண்டு இருக்கைக்கும் எட்டு. ஸ்டாண்டா இரும்புத்தூளை ஊதிக்கொடுத்தான். வெளிச்சம் போனதும் நிறுத்தி, சனிக்கிழமை காலையில் மறுபடி பிடித்தார்கள். வண்டி கிளம்பும்போது பதினொரு மணி. லோய்சா வேலிக் கம்பத்தில் சாய்ந்து கை அசைத்தான். அசைத்த கையைக் கீழே இறக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

கடலோரத்திலிருந்து லிபூஷே அவனுக்குத் தபால் அட்டை போட்டாள். நான்தான் படித்துக்காட்டினேன், அவன் கண் அன்றைக்கு அவ்வளவு எரிந்துகொண்டிருந்தது. "தண்ணி உப்பு. வெயில் தாங்கலை. சீட்டு ஆடவில்லை. நான் கேட்டதை யோசித்தாயா?"

அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவன் சுத்தியலை எடுக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகத் திருகினான். அவனுக்குப் பின்னால் லைன் முட்டி நின்றது. ஃபோர்மேன் கோபெல்கா ஓடிவந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் மேலே நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா பண்றே? கல்யாணச் சட்டைக்கு பித்தானா தைக்கறே?"

"போல்ட்டைத் திருகறேன் சார்."

"அடிய்யா! முப்பது வண்டி குறையுது!"

"அடிக்க மாட்டேன். எங்கக்கா வண்டியை அடிச்சிட்டேன்."

"உங்கக்காவுக்குத்தான் வண்டி குடுத்தாச்சே!"

"அதான் சார்."

அவனை லைனிலிருந்து தூக்கி முற்றத்துக்குப் போட்டார்கள். ஊக்கத்தொகை கிடையாது, தலைக்கு மேல் கூரையும் கிடையாது. குருட்டு வண்டிகளுக்கு லைட் மாட்டுகிற வேலை. லைட் மாட்டச் சொன்னார்கள். அவன் லைட்டையும் மாட்டி, விரிப்பையும் தூக்கிப் பார்த்தான். முதல் மாதம் அவன் பழைய குறிகளே கிடைத்தன. பிறகு வேறு குறிகள் வர ஆரம்பித்தன. பார்க்க ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்ததும் லைனில் இருந்த மற்றவர்களும் பென்சில் எடுத்தார்கள். கதவுக்காரன் ஒரு வட்டம், ஸ்டீயரிங் பொருத்துகிறவள் ஒரு கோடு. பனியில் முதுகைப் போட்டு, மழையில் முட்டியைப் போட்டு, பதினெட்டு வருஷம். ஒரு நாளைக்கு ஆறு வண்டி சரிசெய்வான், அறுபது வெளியே போகும். "எதுக்குடா இந்தப் பாடு?" என்று நான் கேட்டால், "ஆறு ஒழுங்காப் போச்சில்ல அக்கா," என்பான். அதற்கு மேல் பேச அவனுக்குச் சக்தி இருக்காது.

ஆட்சி மாறியது. ஜெர்மன்காரர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை விலைக்கு வாங்கிக்கொண்டு. போல்ட் மாதம் முழுக்க வந்தது. மாதக் கடைசியும் மற்ற நாளைப் போலவே ஆயிற்று. ஹவ்ரானைப் பற்றிய சிரிப்பும் மெல்ல நின்றது; ஸ்டாண்டாவுக்குத்தான் அதில் வருத்தம். பேர் திரும்பி வந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டார்கள். லோய்சா அதைப் படிக்கவில்லை. முதுகு போய்விட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, நாற்பத்தைந்து வயதில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைசி நாள் நான் சூப்பு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். ஒரு வெள்ளை வண்டியின் கதவைத் திறந்துவைத்து, மண்டிபோட்டிருந்தான்.

"குறி இருக்காடா?"

"இல்லக்கா. ஒரு மாசமா எதுலயும் இல்லை."

"அப்ப எழுந்திரு. சூப்பு ஆறுது."

அவன் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, முதல் போல்ட்டில் வைத்து அழுத்தினான். அசையவில்லை. இரண்டாவதில் வைத்தான்.

"இன்னும் ரெண்டுதான்," என்றான்.