ஆமென் சொல்லாதவள்

சலவை ஆலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் வெடுக்கு. வயதில் சின்னவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து வெடுக்கு அக்கா என்பார்கள். மனதில் பட்டதை வாயில் ஊறப்போடத் தெரியாதவள். அவள் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். கிறிஸ்தவ ஆலயத்தில் பணியாளர். கதவு திறப்பது, மணி அடிப்பது, நாற்காலி போடுவது, கடைசியில் விளக்கணைப்பது வரை அவர் வேலை. இத்தனையையும் ஒரு வார்த்தை பேசாமலே செய்துவிடுவார். ஆலயத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் குடியிருப்பு. வேலை இருக்கும்வரை அறையும் இருக்கும். அதில் ஓர் அறையில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்த நாத்தனார்.

நாத்தனாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். சோப்பை ஈரத்தில் வைத்துவிட்டாள் என்று காலையில் ஆரம்பித்தால் ஜன்னலை யார் சாத்துவது என்பதில் இரவு வந்து நிற்கும். ஆனால் விதி இரண்டு பேரையும் ஆலையில் ஒரே மெஷினில் நிறுத்தியிருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை அது. உள்ளே நீராவி ஓட, ஆள் உயரத்துக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் ஒரு மூலையை இவளும் மறு மூலையை நாத்தனாரும் பிடித்து உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் சுடச்சுட, சுருக்கமில்லாமல் வெளியே வரும்.

உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி அதில் பட்டால் மெஷின் உடனே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கனத்த விரிப்பு பட்டாலும் நின்றது. "இது நொடிக்கொரு தரம் படுத்துக்கிட்டா நாம எப்ப வேலையை முடிக்கிறது?" என்று ஒரு நாள் மேனேஜர், மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் கம்பியை அசையவிடாமல் கட்டுக்கம்பி போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார்.

"கை மாட்டினா?" என்று கேட்டாள் வெடுக்கு.

"கையை ஏம்மா உள்ள விடுறீங்க?" என்றார் அவர்.

அந்த மேனேஜர் சபையிலும் பெரிய மனிதர். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் கூட்டு ஜெபம் நடக்கும். உலகத்தில் இரக்கமும் நீதியும் நிலைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்ல, எல்லோரும் சேர்ந்து "கர்த்தாவே, கேட்டருளும்" என்பார்கள். நடத்துபவர் மேனேஜர்தான். குரல் அப்படி. எங்கோ குண்டு விழும் ஊர்க் குழந்தைகளுக்காக அவர் உருகும்போது வெடுக்கே எத்தனையோ தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்திருக்கிறாள்.

அது நடந்தது ஒரு மதியம். விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட நாத்தனார் கையை நீட்டினாள். துணி இழுத்தது; துணியோடு கையும் போனது. தடுப்புக் கம்பியில் அவள் முழங்கை நன்றாகவே இடித்தது. கம்பி அசையவில்லை. வெடுக்கு ஓடிப்போய் அவளை இடுப்போடு கட்டி இழுத்தாள். மெக்கானிக் வந்து மின்சாரத்தை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நாத்தனார் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. எத்தனை விரல் இருக்கு?"

வெடுக்குக்குப் பொய் சொல்ல வராது. முதல் முறையாக, வந்தால் தேவலை என்று இருந்தது.

"கட்டைவிரல் இருக்கு."

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். படுத்திருந்ததோ, அவர்கள் ஆலையிலிருந்து போன விரிப்பு. மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை. வெடுக்கு அந்த மூலையை மெத்தைக்கடியில் செருகினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஆலைப் பெண்களில் பாதிப்பேர் அந்தச் சபைதான். மேனேஜர் போருக்காக ஜெபித்தார், பஞ்சத்துக்காக ஜெபித்தார். பிறகு குரல் தழுதழுக்க, "தன்னுடைய கவனக்குறைவினாலே காயப்பட்டிருக்கிற எங்கள் அன்புச் சகோதரியை உம்முடைய கரத்தில் தருகிறோம். வேலை நேரத்தில் கண்ணயர்ந்துபோன அவளுடைய பலவீனத்தை மன்னியும்" என்றார்.

கூடம் முழுவதும் "கர்த்தாவே" என்று ஆரம்பித்துவிட்டது.

"நிறுத்துங்க" என்றாள் வெடுக்கு. எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "இதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன். அவ தூங்கல. மெஷின்ல கம்பியைக் கட்டி வெச்சிருந்தீங்க. கட்டச் சொன்னது நீங்க. அந்தப் பொய்யக் கொண்டாந்து சாமிகிட்டயே சொல்றீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?"

ஆலைப் பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் என்னதான் இருந்ததோ. மேனேஜர் கண்ணைத் திறக்கவே இல்லை. "இந்தச் சகோதரியின் மனக்கொந்தளிப்பையும் அமர்த்தும்" என்று சொல்லி ஜெபத்தை முடித்துவிட்டார். அதற்கும் சிலர் ஆமென் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நாம இருக்கிறது சபை கொடுத்த வீடு" என்றார்.

"போனது உங்க கூடப் பிறந்தவ கை" என்றாள்.

மறுநாள் போதகர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் யாருடைய மனமும் கோணக்கூடாது என்று நினைத்து நினைத்தே முதுகு கோணிப்போனவர். ஜெபம் என்பது ஒருவரைக் குற்றம் சாட்டும் இடமில்லை என்று மெல்ல எடுத்துச் சொன்னார்.

"படுத்துக் கிடக்கிறவள அவர் குத்தஞ்சொன்னாரே, அது மட்டும் ஜெபமாய்யா? நான் உண்மையச் சொன்னா சண்டையா?"

"நீதி வேணும்னுதானேம்மா எல்லாரும் ஜெபிக்கிறோம்."

"தூரத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்கிறோம். அதுல நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அடுத்த தெருவுல இருக்கிற மெஷினப் பத்தி வாயத் திறக்க முடியல. இந்த ஜெபத்தக் கர்த்தர் கேக்கணும்னா, முதல்ல நமக்கே காது வேணும்."

போதகர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். உள்ளறையில், அன்று காலைதான் வீடு திரும்பியிருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவளுடைய அண்ணன் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் பார்த்து, அது உருண்டு, தரையெல்லாம் தண்ணீர். அவர் குனிந்து துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஆலையில் வெடுக்கை உருளையிலிருந்து எடுத்து, துண்டு மடிக்கும் மேசைக்குத் தள்ளினார்கள். அவள் இடத்தில் கல்யாணமாகி மூன்று மாதமான ஒருத்தி. கட்டுக்கம்பி அப்படியே இருந்தது. இவ்வளவு நடந்தும் அதை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிஜமான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் வெறும் ஆத்திரம். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருத்தியிடமும் போய், "நீயும் பார்த்தேல்ல?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தோம் என்றார்கள். "அப்ப?" என்றாள். நான் பிள்ளைகுட்டிக்காரி, விட்டுடுங்க அக்கா என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போவதாக இல்லை. நாத்தனார்தான், "வாங்க அண்ணி. நாம போகலன்னா நான் தூங்கினது உண்மைன்னு ஆயிடும்" என்று கிளப்பினாள். கட்டுப்போட்ட கையோடு அவள் வந்து உட்கார்ந்தாள். மேனேஜர் எப்போதும்போல ஆரம்பித்தார். அவர் மூச்சுவிட நிறுத்திய இடத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை.

கதவோரம் முழங்காலிட்டிருந்த வீட்டுக்காரர்.

"கர்த்தாவே, எனக்குப் பேச வராது. என் தங்கச்சி தூங்கல. அவ கையைத் தின்ன மெஷின்ல கம்பி இன்னும் கட்டித்தான் இருக்கு. நாளைக்கு இன்னொருத்தி கை போகும். எங்களுக்கு நியாயம் செய்யும். பயந்துகிட்டு பேசாம இருந்த என்னையும் கேள்வி கேளும்."

பதில் சொல்ல வேண்டியவள் வெடுக்குதான், வாய் வரவில்லை. முதலில் சொன்னது அந்தப் புதுக் கல்யாணக்காரி. "கர்த்தாவே, கேட்டருளும்." பக்கத்தில் மடிப்பு மேசையில் வேலை செய்யும் இன்னொருத்தி. பிறகு ஆலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக, கடைசியில் போதகரும். மேனேஜர் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

திங்கட்கிழமை காலை யாரும் உருளையில் விரிப்பைக் கொடுக்கவில்லை. ஈர மூட்டைகள் வாசல்வரை குவிந்தன. மேனேஜர் வந்து பார்த்தார். "மேல இருந்து அழுத்துறாங்கம்மா, நான் என்ன பண்றது" என்றார். அது பொய்யாகவும் இருக்கவில்லை. "அதையும் வெள்ளிக்கிழமை ஜெபத்துல சொல்லுங்க" என்றாள் வெடுக்கு. மத்தியானத்துக்குள் மெக்கானிக், ஒருவர் முகத்தையும் பார்க்காமல், இடுக்கியால் அந்தக் கட்டுக்கம்பியை நறுக்கினார். விபத்தை விசாரிக்க அரசு அதிகாரி வந்தபோது பெண்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள். கவனக்குறைவு என்ற பழி நாத்தனார் தலையிலிருந்து இறங்கியது. விரல்கள் வரவில்லை. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஜெபம் நடத்துவதை விட்டுவிட்டு, இன்னும் முதல் வரிசையில்தான் உட்காருகிறார். அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று சபைக் கமிட்டியில் இரண்டு பேர் கிளப்பினார்கள். போதகர், முதுகை நிமிர்த்திக்கொண்டு என்று சொல்கிறார்கள், முடியாது என்றுவிட்டார்.

அவரே பிறகு ஒரு நாள், மேனேஜருக்காக ஒரு ஜெபம் சொல்லலாமே என்று அவளிடம் கேட்டார்.

"வாய் வரலய்யா. வந்தா நானே வந்து சொல்றேன்" என்றாள்.

இன்னும் வரவில்லை. நாத்தனார் இடது கையால் சோப்பை ஈரத்தில் வைக்கிறாள், சண்டை நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். போன வாரம் யாரோ, போரில் வீடிழந்தவர்களுக்கு ஆறுதல் தாரும் என்று ஜெபித்தார்கள். எல்லோரும் பதில் சொல்லி முடிக்குமுன் வெடுக்கு சொன்னாள்:

"வீட்டை இடிக்கிறவங்க கையையும் பிடிச்சு நிறுத்தும்."

கூடம் கொஞ்சம் தயங்கியது. பிறகு அதற்கும் பதில் சொன்னது.