நிறுத்த மறந்த சுருதி

ஒரு பிழை என் காதுக்கு மட்டுமே எட்டியது என்றால், அதை எழுதி வைக்கும் கடமை எனக்கு இருக்கிறதா? திருச்சியில் ஒரு கல்லூரி அரங்கின் பக்கவாட்டுத் திரைக்கு அருகில், கையில் ஒரு படிவத்தோடு நின்றபோது இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்தது. இருக்கிறது என்று அப்போது முடிவு செய்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் முன்போல் நிமிர்ந்து சொல்ல முடியாது.

கல்லூரிகளுக்கு இடையிலான அகாபெல்லா போட்டி அது. வாத்தியம் எதுவும் இல்லாமல், தாளத்தைக்கூட வாயாலேயே போட்டு, குரல்களை மட்டும் கொண்டு ஒரு குழு பாட வேண்டும். படிப்பு முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த என்னை, முன்பு அதே மேடையில் பாடியவள் என்பதால், விதிமுறைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். மதிப்பெண் போடுவதற்குக் கீழே மூன்று நடுவர்கள் இருந்தார்கள். மேடை ஓரத்தில் நின்று, நேரம் மீறினார்களா, மின்னொலி உதவி பயன்பட்டதா என்று ஒவ்வொரு குழுவுக்கும் குறித்துக் கையெழுத்திடுவது என் வேலை. தொடக்க சுருதியைச் செல்பேசியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் சொல்லைப் பாடுவதற்குள் அதை நிறுத்திவிட வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஏழு மாணவிகள், காவிரிப் பாலத்து நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்து, என் பக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் கண்ணாடி அணிந்த ஒருத்தியைத் தோழிகள் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை.

"ஏய் எழுபத்திமூணு, தண்ணி குடிடி. தொண்டை காஞ்சு கெடக்கு."

"குடிச்சா பாதிப் பாட்டுல ஓடணும். எனக்குப் பதிலா நீ பாடுவியா?"

"ஓடினா ஓடு. சர்ட்டிபிகேட்ட மட்டும் வாங்கிட்டு ஓடு."

நான் விழிப்பதைப் பார்த்து அவளே சிரித்தபடி விளக்கினாள். "அது என் அட்டென்டன்ஸ், அக்கா. எழுபத்தஞ்சு சதவீதம் இல்லேன்னா எக்ஸாம் எழுத விட மாட்டாங்க. பிராக்டிஸுக்குப் போன நாளுக்கெல்லாம் ஓ.டி. தர்றேன்னு சொல்லியிருக்காங்க, இங்கேருந்து சர்ட்டிபிகேட் கொண்டுபோனா." கல்லூரிக்காக வெளியே போன நாள்களை வகுப்புக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வதுதான் ஓ.டி. பங்கேற்புச் சான்றிதழே அதற்குப் போதும். "பரிசெல்லாம் இவளுங்களுக்கு. எனக்குப் பேப்பர் போதும்" என்றாள்.

குழுவுக்குச் சுருதி கொடுப்பவளும் அவள்தான். மேடையேறியதும் செல்பேசியின் தம்பூராச் செயலியை ஐந்தரைக் கட்டையில் ஒலிக்கவிட்டு, காதோடு வைத்துக் கேட்டு, மற்றவர்களுக்கு மெல்ல முனகிக் காட்டினாள். பிறகு பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, ஒலி அடங்கியதும் குர்தாப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நன்றாகப் பாடினார்கள். அதை நான் சொல்லியாக வேண்டும். கடைசிச் சரணத்துக்கு முன்பு ஏழு பேரும் ஒரே நொடியில் மூச்சை அடக்கி, இரண்டு தட்டு நேரம் மௌனமாக நின்றார்கள். அந்த மௌனத்தில் தம்பூரா ஒலித்துக்கொண்டிருந்தது.

மிக மெல்லிய ரீங்காரம். நடுவர்களுக்குப் பக்கத்தில் சுழன்ற பெரிய மின்விசிறிகளைத் தாண்டி அது அவர்களுக்கு எட்டியிருக்க வழியில்லை. பாடியவர்களுக்கும் கேட்கவில்லை. சங்கீதம் கற்றவர்கள் இந்தத் தவறை எளிதில் செய்வார்கள். மாதக் கணக்கில் பயிற்சி முழுவதும் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள்களில் காது அதைத் தனி ஒலியாக எண்ணுவதை விட்டுவிடும். அது ஓடும் அறைதான் அவர்களுக்கு அமைதியான அறை.

கைதட்டலுக்கு இடையே இறங்கி வந்தவளிடம், "போன எடுத்துப் பாரும்மா" என்றேன். எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் முனகியது.

"ஐயோ, நிறுத்திட்டேன்னு நெனச்சேங்க்கா. சத்தியமா."

"தெரியும்."

அவளுடைய தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாருக்கும் கேக்கலைல்லக்கா? உங்களுக்கு மட்டும்தானே?"

"எனக்குக் கேட்டுச்சேம்மா" என்றேன்.

அவர்களுக்கு முன்பு துவாக்குடியிலிருந்து வந்த மாணவர் குழு, பிடித்துக்கொள்ளச் சுருதி ஏதும் இல்லாமல், பாட்டின் முடிவில் அரைக் கட்டை இறங்கிப்போய், அதை உணர்ந்து தலை குனிந்து இறங்கியிருந்தது. அவர்கள் விதியைக் காத்ததால் தோற்றவர்கள். இவர்களுக்குப் பரிசு போனால் போகட்டும், அந்தப் பெண்ணுக்கு வேண்டிய பங்கேற்புச் சான்றிதழ் எப்படியும் வரும். ஆகவே பெரிய சேதம் யாருக்கும் இல்லை. இவ்வளவையும் யோசித்த பிறகே, மின்னொலி உதவி பயன்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துக் கையெழுத்திட்டேன். யோசித்துத்தான் செய்தேன் என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஸ்ரீரங்கம் குழுவை யாரும் அழைக்கவில்லை. போட்டியை நடத்திய மாணவர் செயலரிடம் ஓடினேன்.

"டிஸ்குவாலிஃபை ஆனவங்களுக்கு எதுவும் கிடையாதுக்கா. அவங்க பாடவே இல்லேன்னுதான் ரெக்கார்டு."

"பாடினாங்களேப்பா. நீயும்தானே கைதட்டினே?"

"தட்டினேன். ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு. உங்களுக்குக் கொடுத்த ஷீட்லயே ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கே."

போட்டிருந்தது. நான் முதல் பக்கத்தை மூன்று முறை படித்திருந்தேன்.

என் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நடுவர்கள் கையெழுத்திட்டு முடிவை அறிவித்தாயிற்று என்றான். வாசலில் அந்த ஏழு பேரும் சத்திரம் நிலையத்துக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் மட்டும், "பரவால்லக்கா, மேம்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

மூன்றாம் நாள், அவள் குழுவில் பாடியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு அவளுடைய துறைத்தலைவரைப் பார்க்கப் போனேன். அந்த அம்மா மரியாதையாக உட்காரச் சொன்னார்; கடிதத்தை இருமுறை படித்தார்.

"உங்க நல்ல மனசு புரியுதும்மா. ஆனா இத வச்சு நான் என்ன பண்றது? விதியை மீறினதா எழுதிக் கையெழுத்துப் போட்டவங்க யாரு?"

"நான்தாங்க."

"அப்ப உங்க எந்தக் கையெழுத்த நான் எடுத்துக்கிறது?"

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

அவள் அந்தப் பருவத் தேர்வை எழுதவில்லை. அடுத்த ஆண்டு, தனக்கு இளையவர்களோடு அதே பருவத்தை மீண்டும் படித்தாள். பாட்டுக் குழுவில் திரும்பச் சேரவில்லை என்று அவள் தோழி சொன்னாள். போட்டி விதிகளில், சுருதி எடுத்ததும் செல்பேசியை விதிமுறைப் பார்வையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மாற்றம் இல்லை. என்னை மறுபடியும் அழைத்தார்கள், நான் போகவில்லை.