நான் எழுதச் சொன்ன இரண்டு வரி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உடுமலைப்பேட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். இங்கிலாந்திலிருந்து என் மகள் போன் செய்தாள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

வகுப்பில் ஒரு மாணவி நாற்காலியோடு சாய்ந்து விழுந்துவிட்டாளாம். டீச்சர் கையைப் பிடித்து இழுத்ததால்தான் விழுந்தாள் என்று அவள் வீட்டில் புகார் கொடுத்திருந்தார்கள். "நான் பக்கத்துல கூடப் போகலம்மா" என்று என் மகள் அழுதாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்துகொள், பிரச்சினை என்றால் வக்கீல் தருவார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் தடுத்தேன். "பொழைக்கப் போன எடத்துல கொடி புடிக்கப் போறயா அம்மணி?" என்றேன். மில்லில் சங்கத்தில் சேர்ந்து வேலையை இழந்தவர் என் அப்பா. அந்தப் பயம் எனக்கு.

அன்றைக்கும் பஸ் இரைச்சலில் கத்திச் சொன்னேன். "தப்பு யார் மேல வேணா இருக்கட்டும் கண்ணு. மன்னிச்சுக்குங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துப்போடு. அதோட முடிஞ்சுரும்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பஸ்ஸில் காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்பார்கள். அவளும் எழுதிக் கொடுத்தாள். குற்றத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி, ஒரே வாரத்தில் பள்ளிக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சங்கத்துக்கு ஓடினாள். அன்று மாலை என்னிடம் போனில் பேசினாள்.

"சேர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கு வக்கீல் தர மாட்டாங்களாம்மா. செய்யாத தப்புக்கு ஏன் எழுதிக் குடுத்தேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா சொன்னாங்கன்னேன்" என்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

வேலை போனது. அந்த வேலையை வைத்துக் கிடைத்த விசாவும் போனது. ஊருக்குத் திரும்பி வந்து இப்போது என்னோடு வீட்டில்தான் இருக்கிறாள். ஏதாவது பள்ளிக்கு விண்ணப்பம் போட உட்காருவாள். முன்பு பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் சமையலறையில் வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

அவளை அனுப்பும்போது ஊறுகாய் முதல் கம்பளிக் கையுறை வரை யோசித்து யோசித்துக் கட்டிக் கொடுத்த எனக்கு, அவளுக்காகப் பேச அங்கே ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கூட வேலை செய்தவர்கள் சொல்லியும் அவளைத் தடுத்துவிட்டேனே என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.